இரண்டு மீட்டமை

மேலே ஒரு மீட்டமை இருக்கிறது, கீழே ஒரு மீட்டமை இருக்கிறது, இவர் எதைச் சொல்கிறார். "ரீஸ்டோர்னு போட்டிருக்கும் பாரு, அதை அமுக்கு. ரீசெட்ட அமுக்கித் தொலைச்சிடாத" என்று மஸ்கட்டிலிருந்து கத்துகிறார். அத்தையின் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாயில் என் முட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், என் வீட்டுக்காரர் அதற்குள் மல்லாக்கப் படுத்துக்கொண்டு கத்துகிறமாதிரி இருக்கிறது. என் போனில் ரூட்டரின் பக்கம் திறந்திருக்கிறது. திறந்ததுமே தமிழில் மாற்றட்டுமா என்று கேட்டது, மாற்று என்று சொல்லிவிட்டேன், எட்டாவதோடு நின்றவளிடம் இங்கிலீஷா தமிழா என்று கேட்டால் அவள் வேறு என்ன சொல்வாள், மாற்றின மாற்றில் ரீஸ்டோரும் மீட்டமை ஆகிவிட்டது, ரீசெட்டும் மீட்டமை ஆகிவிட்டது. இரண்டும் நீலக் கட்டம், இரண்டிலும் வெள்ளை எழுத்து, ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி. "ரெண்டுமே மீட்டமைன்னுதாங்க போட்டிருக்கு." "என்னது? மீட்டமையா? அது என்ன எழவு?" "தமிழ்ல அப்படித்தாங்க இருக்கு." "உன்னைய யாரு தமிழ்ல போடச் சொன்னா? ஒரு பக்கத்தைப் படிக்கத் துப்பு இல்ல, பெரிய தமிழச்சி." நான் எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை. வெட்கப்படுகிற பொண்ணு, வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்காது என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் அம்மா பெருமையாகச் சொன்னாள், அதைக் கேட்டு இவர் வீட்டார் எல்லாரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள், நான்கூடச் சிரித்தேன். கடிக்க முடியாமல் இல்லை. இப்போது பல்லெல்லாம் நறநறவென்று இருக்கிறது. தூளியில் பாப்பா புரண்டு படுக்கிறாள், இவர் கத்துகிற கத்தலில் எழுந்துவிட்டால் இவரா வந்து ஆட்டப்போகிறார், ஒரு கையால் தூளிக் கயிற்றை ஆட்டிக்கொண்டே இன்னொரு கையால் நான் எதை அமுக்கவேண்டும், சொல்லுங்கள், எந்த மீட்டமையை.

இதெல்லாம் எதிர்வீட்டுத் தென்னையில் விழுந்த இடியால் வந்தது. இடி விழுந்தது தென்னையில், செத்தது எங்கள் வீட்டு ரூட்டர். செத்துவிட்டது என்றுதான் நினைத்தோம், விளக்கெல்லாம் அணைந்து, பிறகு எல்லாம் ஒன்றாக எரிந்து, பைத்தியம் பிடித்தமாதிரி மின்னிக்கொண்டே இருந்தது. மறுநாள் கேபிள்காரர் சிக்கந்தர் வந்தார். அதைக் கவிழ்த்துப்போட்டு முதுகில் இருந்த பொடி ஓட்டையில் குண்டூசியை விட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டார், ஊசி போடுகிற டாக்டர் மாதிரி. "பழசெல்லாம் போச்சு தங்கச்சி. யாரு வீடு, யாரு வாசல், ஒண்ணும் இதுக்கு இனி ஞாபகம் இருக்காது. நெட் வர்ற மாதிரி மட்டும் போட்டுத் தர்றேன், மத்ததெல்லாம் அண்ணன் பாத்துக்குவாரு" என்றார். ஒண்ணும் ஞாபகம் இருக்காது என்று அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. மறுநாள் காலையில் புரிந்தது. காலையில் இவர் டியூட்டி வண்டி ஏறுகிற நேரத்துக்கு என் போனில் நெட் நின்றுவிடும், சாயங்காலம் இவர் ரூமுக்குத் திரும்பிக் குளித்து முடிக்கிற நேரத்துக்குத் திரும்ப வரும், கல்யாணத்துக்கப்புறம் இவர் முதல் லீவில் வந்து இந்தப் பெட்டியை மாட்டின நாளிலிருந்து இதுதான் நடைமுறை, பால்காரர் வருகிறமாதிரி அது வரும், போகும், நடுவில் கேட்டால் கிடையாது. அன்றைக்கு அது நிற்கவில்லை. சோறு வடித்தேன், நிற்கவில்லை. பாப்பாவைக் குளிப்பாட்டினேன், நிற்கவில்லை. ஈரக் கையோடு அடிக்கடி வந்து போனைப் பார்த்தேன். என் சிம்முக்கு ரீசார்ஜ் கிடையாது, வீட்லயே கிடக்கிறவளுக்கு எதுக்குத் தனியா ரீசார்ஜ், வைஃபைதான் இருக்கே என்று இவர் சொல்லிவிட்டார், அதனால் அந்தப் பெட்டி மூச்சு விட்டால்தான் என் போன் மூச்சு விடும், ஒருத்தர் கூப்பிட்டால் மணி அடிக்கும். நடுப்பகலில் என் போன் உயிரோடு இருப்பதை முதல்தடவையாகப் பார்க்கிறேன். அதற்கே இவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று நினைத்தால் இப்போது ஆத்திரமாக வருகிறது, கூண்டுக்குள் ஒரு நாள் கூடுதலாகத் தண்ணீர் வைத்ததற்குக் கிளி ஆடுகிறமாதிரி.

"அமுக்கிட்டியா?" "இல்லங்க." "எதையும் அமுக்காத! முதல்ல இப்ப இருக்கிறத ஒரு பேக்கப் எடு. ஏதாவது சொதப்பினா திரும்ப இதுக்காவது வரலாம். மேல பேக்கப்னு இருக்கும்... சரி, தமிழ்ல என்னமோ இருக்கும், காப்புன்னு வருதா?" காப்புப்பிரதி என்று இருந்தது. அமுக்கினேன். கீழே ஒரு அம்பு இறங்கி, பைல் ஒன்று என் போனுக்குள் வந்து உட்கார்ந்தது. இவர் காலையில் வாட்ஸாப்பில் அனுப்பிய பைல் ஏற்கனவே அங்கே இருந்தது, அதன் பெயர் சி ஓ என் எஃப் ஐ ஜி, எழுத்துக்கூட்டிப் படித்தேன், கான்ஃபிக், இப்போது வந்ததும் அதே பெயர்தான், கூட ஒரு ஒன்று மட்டும் அடைப்புக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. பேக்கப் என்றால் என்ன என்று இவர்தான் போன தடவை சொல்லிக்கொடுத்தார், அதை மறுக்கமுடியாது, ஒரு வீட்டை அந்த நிமிஷத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே போட்டோ எடுத்து வைக்கிறமாதிரி, எந்தக் கதவு திறந்திருக்கிறது, எந்தக் கதவு பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம், எல்லாம் அதில் இருக்கும், நல்லது கெட்டது என்று அது பார்க்காது. அப்படியென்றால் இவர் பைலில் இருப்பது பூட்டிய வீடு. இடி விழுந்தபிறகு இருக்கிற வீடு இந்த ஒன்று போட்ட பைலில் இருக்கிறது. இரண்டும் ஒரே எடை, ஒரே பெயர். இவர் மஸ்கட்டில் இருந்துகொண்டே பெட்டிக்குள் நுழைந்து எல்லாம் செய்துகொண்டிருந்தார், அந்த நுழைகிற வழியும் இடியோடு போய்விட்டது, இப்போது வீட்டுக்குள் இருக்கிற ஒரு ஆள்தான் தன் கையால் இவருக்குக் கதவைத் திறந்துவிடவேண்டும். அந்த ஆள் நான். என்னைப் பூட்டுகிறதற்கும் நான்தான் வேண்டியிருக்கிறது. இதை நினைக்க நினைக்கக் காது இரண்டும் சுடுகிறது.

ஹாலில் இருக்கிற கேமராவும் அந்தப் பைலுக்குள்தான் இருக்கிறது. கேமரா சுவரில்தான் இருக்கிறது, அதன் பார்வை பைலுக்குள் இருக்கிறது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கள்ளனுக்காக மாட்டினது என்று எல்லாரிடமும் சொல்வார். கள்ளன் எங்கே வந்தான், நான்தான் வந்தேன், போனேன், வந்தேன், போனேன். ஏன் இன்னும் ஹால் கூட்டல, யாரு அது வாசல்ல அரை மணிநேரமா, நைட்டிக்கு மேல துண்டு போட்டா என்ன. ஒருநாள் பாப்பாவுக்குக் காய்ச்சல், ராப்பகலாய்த் தூக்கமில்லை, ஃபேனுக்குக் கீழே ஹாலில் அப்படியே கையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டேன், சாயங்காலம் போனில் முதல் வார்த்தையாக "நல்ல தூக்கம் போல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே. அன்றையிலிருந்து பாப்பாவுக்குப் பால் கொடுக்க இந்த உள்ளறைக்கு வந்துவிடுவேன், இங்கே காற்றே கிடையாது, ஒரு பலகை ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. இடி விழுந்தபிறகு ஹாலில் உட்கார்ந்து காலை நீட்டிப்போட்டுப் பால் கொடுத்தேன். ஒரு பெண் தன் வீட்டில் காலை நீட்டுவது ஒரு சந்தோஷமா. அத்தைக்குக்கூட இந்த நாட்கள் நல்ல நாட்கள்தான். டாக்டர் சொன்னார் என்று அத்தையின் புகையிலையை இவர் நிறுத்திவிட்டார், கேமராவில் வாய் அசைந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார், "அம்மா, துப்பு" என்று அங்கிருந்து போன் வரும். இப்போது அத்தை டிவிக்கு முன்னால் ராணி மாதிரி உட்கார்ந்து ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள். சற்றுமுன் தன் போனை என்னிடம் நீட்டும்போதுகூட, "ஏத்தா, அந்தப் பொட்டிய இன்னைக்கே சரிபண்ணணுமாமா? அவனுக்கு என்ன அவசரம், நாளைக்குப் பண்ணுனா ஆகாதா?" என்று கன்னம் புடைக்கக் கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அத்தையும் சிரித்தாள், புகையிலைச் சாறு ஒழுகாமல் இருக்க உதட்டை மடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் நாளைக்கு மகன் வந்து நின்றால் அத்தை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும்.

"பேக்கப் வந்துருச்சா?" "வந்துருச்சுங்க." "இப்ப நான் அனுப்புன பைலை எடு. பைலைத் தேர்ந்தெடுன்னு இருக்கும்." தேர்ந்தெடு என்று இருக்கிறது, அமுக்கினால் இரண்டு பைலும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கின்றன. நான் விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். இவர் பைலுக்குள் ஒரு பக்கம் உண்டு, பெற்றோர் கட்டுப்பாடு என்று பெயர். எனக்கு அது எப்படித் தெரியும் என்றால் இவரே காட்டினார். அந்த முதல் லீவில், பெட்டியை மாட்டின அன்றைக்கு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார், பகல் வேளையில் அத்தை இருக்கும்போது இவர் பக்கத்தில் உட்கார எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று, ஒரு சாண் தள்ளித்தான் உட்கார்ந்தேன். "இது பிள்ளைங்க போனுக்குப் போடுறது. எந்த நேரத்துல நெட் வரணும், எந்த நேரத்துல கூடாதுன்னு நாம வச்சுக்கலாம்" என்றார். பாப்பா அப்போது வயிற்றில்கூட இல்லை. யாருடைய பிள்ளை என்று நான் பார்க்கிறேன், என் போனின் பெயரை எடுத்து அந்தக் கட்டத்துக்குள் போடுகிறார். "நான் யாருக்குங்க பிள்ளை?" என்று கேட்டேன். கேட்டேனே, அன்றைக்குக் கேட்டிருக்கிறேன், வாய் இருந்திருக்கிறது. இவர் திரும்பி, என் கன்னத்தைக் கிள்ளி, "நீயும் எனக்குப் புள்ளைதான்டி" என்றார். எனக்கு வெட்கம் வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். ஆசையாகச் சொல்கிறார் என்று, எனக்குக் கன்னத்தில் அந்தக் கிள்ளின இடம் சாயங்காலம் வரைக்கும் இனித்துக்கொண்டே இருந்தது. அதை இப்போது நினைத்தால் அந்தக் கன்னத்தையே பிய்த்து எறியலாம் போல இருக்கிறது. கொஞ்சிக்கொண்டே பூட்டுகிறவனிடம் எப்படிக் கோபப்படுவது, யாராவது சொல்லிக்கொடுத்தார்களா, அடிக்கிற புருஷனைப் பற்றி ஊரில் நாலு பேர் பேசுவார்கள், மாதாமாதம் பிள்ளைக்குப் பால்பவுடரும் எனக்கு நைட்டியும் அனுப்பி வைத்து, நெட்டைமட்டும் நிறுத்துகிற புருஷனைப் பற்றி நான் யாரிடம் போய்ச் சொல்ல, சொன்னால் சிரிப்பார்கள், இதெல்லாம் ஒரு குறையா வினோதினி, உனக்குத் தின்கிற சோறு செரிக்கல.

குறைதான். என் அக்கா சுகந்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள், மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தால்தான் அவள் போனைத் தொடமுடியும், சாயங்காலம் ஓவர்டைம், அப்புறம் இரைச்சலான பஸ், அப்புறம் நாலு பேர் இருக்கிற ஒற்றை அறை. அவளுக்கு இருப்பது மத்தியானம் ஒன்றுதான், எனக்கு இல்லாததும் அது ஒன்றுதான். மீட்டமை. மீட்டமை. இந்த வார்த்தையை எங்கே பார்த்தேன் என்று இப்போதுதான், இந்த நீலக் கட்டத்தைப் பார்க்கப் பார்க்கத் தெரிகிறது. மாயமான இளம்பெண் மீட்பு. பேப்பரில் இரண்டே வரி, அக்காவின் பெயர்கூட இல்லை, எங்கள் ஊர்ப் பெயர் மட்டும். வேற சாதிப் பையனோடு போய்விட்டாள், அப்பா புகார் கொடுத்தார், போலீஸ் கூட்டிக்கொண்டு வந்து விட்டது. அதற்குப் பெயர் மீட்பு. வேனிலிருந்து அவளை இறக்கும்போது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. ஜடை அவிழ்ந்து தொங்கிற்று. கிணற்றில் விழுந்த ஆட்டை மேலே தூக்கினால் மீட்டார்கள் என்று சொல்லலாம், ஆடு பிழைத்துக்கொண்டது. பிழைத்துக்கொண்டிருந்தவளைத் தூக்கிவந்து உள்ளறையில் போட்டு வெளியே தாழ் போட்டால் அது என்ன வார்த்தை. அம்மா எனக்குத் தெரியாமல் அழுதாள், நான் அம்மாவுக்குத் தெரியாமல் தட்டில் சோறு தள்ளிவிட்டேன், கதவுக்குக் கீழே அக்காவின் விரல் வந்து தட்டை இழுத்துக்கொண்டது. பழையபடி ஆக்கிவிட்டோம் என்று அப்பா நினைத்தார். பழையபடி எதுவும் ஆகவில்லை, வயல் வேலைக்கு எல்லாரும் போயிருந்தபோது ஓடு பிரித்துப் போய்விட்டாள், அதற்கப்புறம் அவள் பேச்சை எடுத்தால் செத்தவள் பேச்சு மாதிரி, என் கல்யாணப் பேச்சில்கூட இவர்கள் போட்ட முதல் நிபந்தனை அதுதான், மூத்தவளோட எந்தப் போக்குவரத்தும் இருக்கக்கூடாது. தலையாட்டினேன். தலைதான் ஆடிற்று.

அவளே என் நம்பரைத் தேடிப்பிடித்தாள். போன வருஷம். மெசேஜ்தான், நானும் சாயங்காலம் பதில் போட்டு உடனே அழித்துவிடுவேன். வயிற்றில் பிள்ளைக்கு ஏழு மாதம் என்றாள். அப்புறம் ஒருநாள் சாயங்காலம் நெட் வந்ததும் போன் துள்ளிற்று, குரல் மெசேஜ், குரல் மெசேஜ், மழைத் தண்ணீர் ஓட்டிலிருந்து விழுகிறமாதிரி வரிசையாக விழுந்துகொண்டே இருந்தது. முதலாவதில், வினோ, லேசா வலிக்குதுடி, நீ எப்போ எடுப்ப. நடுவில் ஒன்றில் பேச்சே இல்லை, மூச்சு மட்டும். இன்னொன்றில் ஆட்டோ சத்தத்துக்கு நடுவில், அவரு லோடு வண்டியில போயிருக்காரு, எனக்குப் பயமா இருக்கு, யாருமே இல்ல, நீ சும்மா பேசிக்கிட்டு இருந்தாப் போதும்டி. கடைசியில் அவள் பேசவில்லை, நர்ஸோ யாரோ, இந்த நம்பர்ல யாராச்சும் இருக்கீங்களா. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தக் குரல்மேல் இவர் கூப்பிடுகிற மணி அடித்தது. எடுத்தேன். "என்ன குழம்பு?" என்று கேட்டார். கத்தரிக்காய் என்றேன். பிள்ளை பிறக்கும்போதே செத்திருந்தது என்று மூன்றாம் நாள் தெரிந்தது. நான் போனை எடுத்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்காது. அது எனக்குத் தெரியும், அந்த அளவுக்குப் புத்தி இருக்கிறது. ஆனால் அவள் அந்த ஆட்டோவில் தனியாகப் போயிருக்கமாட்டாள். என் குரல் அவள் காதில் இருந்திருக்கும். இல்லாமல் செய்தது கடவுள் இல்லை, இடி இல்லை, என் வீட்டு டிவி மேசைமேல் இருக்கிற உள்ளங்கை அகலப் பெட்டி, அதற்குள் பெற்றோர் கட்டுப்பாடு.

இப்போது மறுபடியும் அவளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. ரத்தக்கொதிப்பு இருக்கிறது, காலெல்லாம் வீக்கம், இருந்தும் கம்பெனிக்குப் போகிறாள், ஆஸ்பத்திரியில் எப்போது வேண்டுமானாலும் வலி எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இடி விழுந்தபிறகு தினமும் மத்தியானம் பேசுகிறோம். நேற்று டிபன்பாக்ஸை மூடுகிற சத்தத்தோடு, "இந்தத் தடவை உன் பேச்சைக் கேட்டுக்கிட்டேதான் உள்ள போவேன். ஏமாத்திடாதடி" என்றாள். "ஏமாத்துவேனா" என்றேன். "உன் வீட்டுக்காரரு பெட்டிய ரிப்பேர் பண்ணிட்டாருன்னா?" "பண்ண விட்டாத்தானே" என்றேன், பெரிய வீராங்கனை மாதிரி, அவள் அப்படிச் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்து பாப்பாவும் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். ஹாலிலிருந்து அத்தை, "யாருத்தா அது போன்ல?" "கூடப் படிச்சவ அத்தை." "ம்" என்றாள் அத்தை, அந்த ம்மில் எல்லாம் இருந்தது, எழுந்துபோய்ப் புழக்கடையில் துப்பிவிட்டு வந்து டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

"ஏய், இருக்கியா? பைலை எடுத்தியா இல்லையா? எனக்கு லஞ்ச் டைம் முடியப்போவுது." இவருக்கு லஞ்ச் டைம். எல்லாருக்கும் ஒரு லஞ்ச் டைம் இருக்கிறது. "எடுக்கிறேங்க." விரல் இறங்கிற்று. ஒன்று போட்ட பைலைத்தான் தொட்டது. நான் தொடவில்லை, விரல் தொட்டது, தொட்டபிறகுதான் நான் பார்த்தேன். கட்டத்துக்குள் அந்தப் பெயர் வந்து நின்றுவிட்டது, கான்ஃபிக், ஒன்று. அட. இவ்வளவுதானா. மேலே இருக்கிற மீட்டமை பைல் கட்டத்தோடு ஒட்டி இருக்கிறது, அதுதான் ரீஸ்டோர், கீழே இருக்கிறது தனியாக எல்லாவற்றையும் துடைக்கிறது, அது சிக்கந்தரின் குண்டூசி, அதை அமுக்கினால் நெட்டே போய்விடும், பைல் கட்டத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன், தெரியாதவள் மாதிரி உட்காருவது எனக்குப் பழக்கம். இதை வைத்து மேலே இருப்பதை அமுக்கினால் பெட்டி ஒரு தடவை செத்துப் பிழைத்து, இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே திரும்பி வரும். இவர் அங்கே கேமராவைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். வராது. பைல் கெட்டுப்போச்சு போல என்பார், ரூட்டர் செய்த கம்பெனியைத் திட்டுவார், இடியைத் திட்டுவார், சிக்கந்தரைத் திட்டுவார், என்னைத் திட்டமாட்டார், ஏனென்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. நீங்க சொன்னபடிதாங்க செஞ்சேன். அடுத்த லீவு வரைக்கும் பொழுது கிடைக்கும். அதற்குள் அக்காவுக்குப் பிறந்துவிடும். எவ்வளவு சுலபம். ஒரு சின்னப் பொய்கூட இல்லை இது, அரைப்பொய்.

ஆனால் ஏன் இன்னும் அமுக்காமல் இருக்கிறேன். ஏன் சந்தோஷம் வரவில்லை. பாப்பா நேற்றுச் சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, கையெல்லாம் சர்க்கரையோடு, வாயெல்லாம் சர்க்கரையோடு, யாரு கொட்டுனா என்று கேட்டால் பூனையைக் காட்டுகிறாள். வீட்டில் பூனையே கிடையாது. நான் அவளைத் தூக்கிக் கொஞ்சினேன். அவள் பிள்ளை, அவள் செய்யலாம். நீயும் எனக்குப் புள்ளைதான்டி. நான் இடியைக் காட்டப்போகிறேன், பைலைக் காட்டப்போகிறேன், நான் இல்லங்க, அதுவா ஆயிடுச்சுங்க. இவர் நம்பிவிடுவார், அதுதான் உறுத்துகிறது, இவர் உடனே நம்பிவிடுவார், எனக்கு அவ்வளவு புத்தி இருக்கும் என்று இவருக்குத் தோன்றவே தோன்றாது. நான் ஜெயித்தால்கூட ஒரு முட்டாளாகத்தான் ஜெயிக்கவேண்டுமா. அக்கா ஓடு பிரித்துப் போனாள், சரி, அவளுக்குக் கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. எனக்கு எங்கே தாழ். கதவைச் சாத்தப்போகிற கை என் கையாகத்தானே இருக்கிறது. ஆனால் மாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும், எனக்கு என்ன தெரியாது, சிக்கந்தருக்கு ஒரு போன் போட்டு லைனையே நிறுத்திவிடுவார், என் அப்பாவுக்குப் போன் போகும், மூத்தவ ரத்தம்தானே என்பார்கள், அத்தை வாயைத் துடைத்துக்கொண்டு மகன் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள். நிறுத்தட்டும். நிறுத்தினால் இவர்தான் நிறுத்தினார் என்று ஆகும், இவர் பெயரில் ஆகும், என் விரலில் ஆகாது. அக்காவுக்கு வேறு வழி பார்ப்பேன், சிக்கந்தர் போனைக் கேட்பேன், எதிர்வீட்டில் கேட்பேன், வாய் திறந்து கேட்பேன். கையில் போன் வழுக்குகிறது, புடவையில் துடைத்துக்கொள்கிறேன், தூளி ஆடாமல் நின்றுவிட்டிருக்கிறது, நான் எப்போது கயிற்றை விட்டேன்.

"வினோதினி! போட்டாச்சா இல்லையா?"

"போடல."

என் குரலா அது. அது தூளிக்குள்ளிருந்து வந்தமாதிரி அவ்வளவு பொடிசாக இருந்தது.

"என்ன?"

"நான் போட மாட்டேங்க."

போனில், இவருக்குப் பின்னால் அங்கே யாரோ இந்தியில் பேசுகிறார்கள், தட்டுகள் இடிபடுகின்றன. பிறகு இவர் சொன்னார், கத்தாமல், ரொம்ப மெதுவாக, கிட்டத்தட்ட ஆசையாக. "லைன் சரியில்ல போல. என்ன சொன்னேன்னு எனக்குக் கேக்கல. திரும்பச் சொல்லு."

கேட்டிருக்கிறது. நன்றாகவே கேட்டிருக்கிறது, இவருக்கு இந்தக் குரல் வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கதவை ஒருச்சாய்த்துத் திறந்து வைத்திருக்கிறார், ஒன்றுமே நடக்காதமாதிரி நான் திரும்ப உள்ளே போய்விடலாம். முதல் தடவை சொன்னது கோபம் சொன்னது. அது போய்விட்டது, பொசுக்கென்று வற்றிவிட்டது, இப்போது சொன்னால் நான்தான் சொல்லவேண்டும். ஹாலில் டிவி சத்தம் நின்றிருந்தது. எப்போது நிறுத்தினாள் என்று தெரியவில்லை. அத்தை அசைகிற சத்தம்கூட இல்லை. ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் காதில் வைத்துப் பேசலாம் என்று கை போயிற்று. பாதியில் இழுத்துக்கொண்டேன். எழுந்து நின்று, போனைப் பாயில் அப்படியே விட்டுவிட்டு, ஹாலுக்கும் கேட்கிறமாதிரி சொன்னேன்.

"என் அக்கா சுகந்திக்கு இது பிரசவ மாசம். அவகூட நான் மத்தியானத்துல பேசணும். உங்க பைலை நான் போட மாட்டேன். கேட்டுச்சா?"